சனிக்கிழமைக்காரன்

பொறாமைக்கென்று ஒரு போட்டி வைத்து முதல் பரிசை ராஜமாணிக்கத்துக்கே கொடுத்திருந்தாலும், இரண்டாம் பரிசுக்காரனுக்குக் கொடுத்த தட்டு தன்னுடையதைவிடக் கனமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருப்பான். அவன் பிறவியே அப்படி. பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில், கொஞ்சம் நெல் நிலம் வைத்திருந்த வீட்டின் மூத்த பிள்ளை. அவனுடைய ஆறாவது வயதில் தம்பிக்கு அம்மை போட்டது. இளநீரும் வேப்பிலையும் விசிறியுமாக வீடே தம்பியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், யாருக்கும் தெரியாமல் போய் அவன் பாயில் படுத்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் இவனுக்கும் போட்டது. அதற்குள் எல்லோருக்கும் விசிறி விசிறிக் கை வலித்துப் போயிருந்ததால் இவனை யாரும் அவ்வளவாகச் சீராட்டவில்லை. அந்த மனக்குறை முப்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு ஆறவில்லை.

திருவள்ளூரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்கு ஆலையில் கிரேன் ஓட்ட வந்தவன், பதினாறு வருஷமாக அதே கிரேனில்தான் இருந்தான். முப்பதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. கீழே எவன் வேலை செய்யாமல் நிற்கிறான், எவன் தோளில் சூப்பர்வைசர் கை போட்டுப் பேசுகிறார், எவனுக்குப் புது ஷூ வந்திருக்கிறது, எல்லாம் அங்கிருந்து தெரியும். இந்த மாதிரி ஆளை அந்த மாதிரி இடத்தில் உட்கார வைத்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் அவன் வயிறு எரிவதற்கு ஒன்றுக்கு நான்காய்க் காரணம் கிடைத்துவிடும்.

அந்த ஆலையில் ஆண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை கேன்டீனில் ஒருவர் டிபன் கேரியரை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். ஞாயிறு வார விடுமுறை. சனிக்கிழமையும் ஞாயிறும் வீட்டில் புருஷன் எப்படி நடந்துகொண்டான் என்பதற்குத் திங்கட்கிழமை கேரியர்தான் சாட்சி என்று யார் கண்டுபிடித்தார்களோ, எல்லோரும் அதை நம்பினார்கள். மீன் வறுவல் வந்தால் அவன் ராஜா. எலுமிச்சைச் சோறும் ஊறுகாயும் வந்தால் அவனை யாரும் விடமாட்டார்கள். ஃபிட்டர் பரசுராமனின் கேரியரில் ஒரு திங்கள் தவறாமல் வஞ்சிர மீன் இருந்தது. ராஜமாணிக்கத்தின் கேரியரில் பெரும்பாலும் தக்காளிச் சோறு.

"இன்னா நைனா, இந்த வாரமும் தக்காளிதானா?" என்பான் பரசுராமன். மீன் முள்ளை அவன் நிதானமாக எடுத்து வைக்கிற அழகைப் பார்த்தால் ராஜமாணிக்கம் தன் கேரியரைப் பாதியிலேயே மூடிவிடுவான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ரகசியத்தைப் பரசுராமனே சொன்னான். நீல மாத்திரை. ஆலையில் அதற்கு ஓ.டி. மாத்திரை என்று பேர். உண்மையில் அது ஆண்மைக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை. ஆனால் கோளாறு உள்ளவன் எவனும் அந்த ஆலையில் அதைப் போட்டதாகத் தெரியவில்லை. கல்லை முழுங்கினாலும் செரிக்கிற வயதில் இருந்தவர்கள்தான், சம்பளத்துக்கு மேல் ஓ.டி. பார்ப்பது மாதிரி, இருப்பதற்கு மேல் கொஞ்சம் வேண்டுமென்று போட்டார்கள்.

"எனுக்கு அதெல்லாம் தேவையில்ல," என்றான் ராஜமாணிக்கம்.

"எனுக்கு மட்டும் தேவையா? சும்மா ஒரு ஜாலிக்குத்தான். முழுசு வேணாம், பாதி போதும். போட்டு ஒரு மணி நேரம் கம்முனு குந்திக்கினு இரு. அப்பால பாரு."

ஒரு மாத்திரையைப் பரசுராமன் ஹேக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்தான். பெரிய பாதியை அவன் எடுத்துக்கொண்டது ராஜமாணிக்கத்தின் கண்ணில் பட்டது. ஃபிட்டருக்கு நடுவில் அறுக்கத் தெரியாதா? வேண்டுமென்றே செய்கிறான் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டான்.

காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். அந்தச் சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கவரைப்பேட்டையில் இருந்த வீட்டுக்கு வண்டியை விட்டான். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். ஈஸ்வரி சமையலறையில் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். திருத்தணிப் பக்கத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் இவனும் அவளைப் பேசவிட்டதில்லை. வந்தால் சோறு, பிறகு டி.வி., பிறகு தூக்கம்.

இப்போது முக்கால் மணி நேரத்தைக் கழித்தாக வேண்டும். படுத்தால் தூங்கிவிடுவான். வெளியே போனால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். வேறு வழி தெரியாமல் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தான். ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இவனும் ஒரு கைப்பிடி மொச்சையை எடுத்து உரித்தான். வாயையும் சும்மா வைத்திருக்க முடியவில்லை. கிரேன் கயிறு ஒருமுறை சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னான். அது தீர்ந்ததும் தம்பி பாயில் படுத்து அம்மை வாங்கிக்கொண்ட கதையைச் சொன்னான். ஈஸ்வரி சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் மணியாகிவிட்டது. மற்றது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், நமக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை கேரியரைத் திறந்தால் முட்டைத் தொக்கு. ஓரத்தில் அப்பளம் வேறு.

கேன்டீனே கை தட்டியது. பரசுராமன் முதுகில் அறைந்தான். ராஜமாணிக்கமும் முதல் கவளம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தான். இரண்டாவது கவளத்தில் அவனுடைய புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பதின்மூன்று வருஷம் இந்த வீட்டுக்கு நான்தானே உழைத்துப் போட்டேன், எனக்கு வராத முட்டை இப்போது ஏன் வந்தது? யாருக்காக வந்தது?

அப்படி முளைத்தவன்தான் சனிக்கிழமைக்காரன். அந்தப் பெயரை ராஜமாணிக்கமே வைத்தான், வெளியில் சொல்லவில்லை. சனிக்கிழமை இரண்டரை மணிக்குத் தன் வீட்டுக்குள் நுழைகிற இன்னொருத்தன். பரசுராமன் கொடுத்த பாதி மாத்திரையில் பிறந்தவன். மற்ற ஆறு நாளும் நாயாய் உழைக்கிறது இவன், சிரிப்பையும் முட்டையையும் வாங்கிக்கொண்டு போகிறது அவன்.

வாரங்கள் போகப் போக அவனுக்கு ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமைகளில் ஈஸ்வரி மத்தியானமே குளித்துவிட்டு, புதன்கிழமை கட்டாத புடவையைக் கட்டியிருந்தாள். தலையில் கனகாம்பரம். அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் முறத்தை எடுத்து வைத்து, எதிரில் இவனுக்கு ஒரு பலகையும் போட்டு வைத்தாள். எல்லாம் அவனுக்கு, அந்தப் பாவிக்கு. ராஜமாணிக்கம் பலகையில் உட்கார்ந்து கதை சொல்லுவான், மூக்கு அடைக்கும், முகம் சிவக்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். இவளுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று உள்ளே புழுங்கிக்கொண்டே சொல்லுவான்.

ஒரு சனிக்கிழமை சோதித்துப் பார்க்க முடிவு செய்தான். மாத்திரை போடவில்லை. போடாததால் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. நேராக உள்ளே போய், முறத்தோடு உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்து எழுப்பினான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஈஸ்வரி முகம் கொடுக்கவில்லை. எழுந்து கொண்டை போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இன்னாங்க, இன்னிக்கி இன்னா ஆச்சு உங்களுக்கு?"

அந்த ஒரு கேள்வி போதும். அவளுக்குத் தெரிந்துவிட்டது, வந்தவன் அவனில்லை என்று. திங்கட்கிழமை கேரியரில் தக்காளிச் சோறு வந்தது.

ராஜமாணிக்கம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் பெண்டாட்டி தன்னைவிட ஒரு மாத்திரையை விரும்புகிறாள் என்று ஒருத்தன் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? பஞ்சாயத்துக்குக் கூப்பிட எதிராளியும் வேண்டுமே. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. சனிக்கிழமைக்காரனை ஒழிக்க வேண்டுமென்றால் எல்லா நாளும் தானே அவனாகிவிடுவது. அதுவும் பாதியில்லை, முழுசு. பரசுராமன் தயவும் வேண்டாம்.

பஜாரில் மெடிக்கல் கடை வைத்திருந்த ஜலாலுதீன் பாய் பழவேற்காட்டுக்காரர், வியாபாரக் குடும்பம். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து ராஜமாணிக்கம் நுழைந்தான். கேட்பதற்கு முன்பே பாய்க்குப் புரிந்துவிட்டது.

"டாக்டர் சீட்டு கீதா?"

"எனுக்கில்ல பாய். பரசுராமனுக்கு."

"அவரா? அவருக்கு எதுக்குபா வாரா வாரம்?" பாய் பேப்பரில் சுற்றிக்கொண்டே சிரித்தார். "அவரு மாமியாரு ஊடு எங்க ஊர்ல எங்க தெருவுக்குப் பின்னாலதான். ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா அவரு சம்சாரம் வந்து மீன் வாங்கிக்கினு போவும். நல்ல குடும்பம்."

கேட்டவனுக்குக் கொஞ்சம் மூளை இருந்திருந்தால் அங்கேயே தெளிந்திருக்கும். வஞ்சிரம் மாமியார் வீட்டிலிருந்து வருகிறது, அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பொறாமைக்காரன் காதில் அந்தச் செய்தி வேறு மாதிரி விழுந்தது. இவனுக்கு மாமியார் வேறு மீன் கொடுத்து அனுப்புகிறாளா என்று அதற்கும் ஒரு முறை எரிந்துவிட்டு வந்தான்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கிரேன் கூண்டிலேயே முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போய்க் காத்திருக்கும் வேலை மிச்சம் என்பது கணக்கு. ஒன்றரைக்குத் தலை கனத்தது. கொஞ்ச நேரத்தில் கீழே எல்லாம் ஒரு மாதிரி நீலமாகத் தெரிந்தது, மழைக்குக் கட்டுகிற நீலப் பிளாஸ்டிக் தாள் வழியாகப் பார்ப்பது போல. உலை வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

அவன் தூக்குவது பில்லட் என்கிற நீள உருக்குக் கட்டைகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எந்தக் கட்டை எந்த ரகம் என்று தெரிய முனையில் வர்ணம் அடித்திருப்பார்கள். அன்றைக்குப் பச்சை முனை போக வேண்டும் என்று கீழிருந்து சொன்னார்கள். பச்சைக்குப் பக்கத்திலேயே நீலம் அடுக்கியிருந்தது. பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறாத ராஜமாணிக்கம் நீல முனைக் கட்டைகளைத் தூக்கி உலையில் விட்டான்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. "மூஞ்சி இன்னாங்க இப்டி செவந்துகீது?" என்று ஈஸ்வரி நெற்றியில் கை வைத்துப் பார்த்து, தைலம் தடவி, போர்த்திப் படுக்க வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஆலையின் சோதனை லேபில் விஷயம் வெளியே வந்தது. கம்பியாக உருட்டிய சரக்கு மொத்தமும் ரகம் மாறியிருந்தது. சூப்பர்வைசர் பாக்கியராஜ் அவனைக் கீழே இறக்கி, கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் வர்ணப் புள்ளிகள் போட்ட புத்தகத்தைக் காட்டினார். இப்போது எல்லாம் சரியாகத் தெரிந்தது. "ஏதாச்சும் மாத்திரை சாப்புட்றியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். வாசலில் நின்ற பரசுராமன் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் காட்டி, கண் சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வரும்வரை கிரேனில் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் காகிதத்தைப் பார்த்து ஈஸ்வரி உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது அவன் அதிகம் பார்த்ததில்லை. இவன் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்து, விரல்களை நீட்டி, "இது எத்தினி? இது எத்தினி?" என்று கேட்டாள். தெருமுனை பூத்தில் தன் அண்ணனுக்கு ஃபோன் பண்ணி நாளைக்கே மெட்ராஸ் போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். ராஜமாணிக்கத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்று வியாழன். மாத்திரை இல்லை. இந்த அழுகை முழுக்க முழுக்க எனக்கு, அவனுக்கு இதில் ஒரு சொட்டுகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னான். கண்ணுக்கு ஒன்றுமில்லை, மாத்திரையால் வந்தது என்றான். ஓ.டி. மாத்திரை என்றான். பரசுராமன் அறுத்துக் கொடுத்ததைச் சொன்னான்.

ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் வரவில்லை. கண் நல்லபடியாக இருக்கிறது என்பதிலேயே அவள் மூச்சு திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் இவனுக்குத் தைரியம் வந்து, இத்தனை வாரமாக நெஞ்சில் வைத்து அறுத்ததைக் கேட்டே விட்டான்.

"சனிக்கெழமன்னா உனுக்கு அவ்ளோ சந்தோசமா கீதே. அது எனுக்கா, மாத்திரைக்கா? உண்மைய சொல்லு."

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் லேசாகச் சிரித்தாள்.

"ஐயே! அதுக்கா? அன்னிக்கிலாம் உங்களுக்குத் தலவலி, எனுக்கு எப்படா முடியும்னு இருக்கும். நீங்க வந்து கீழ குந்திக்கினு பேசுனீங்களே, அதுக்குத்தான். ஒரு மணி நேரம் எங்கூட ஒக்காந்து மொச்ச உரிச்சீங்களே. சனிக்கெழம எப்ப வரும்னு திங்கக்கெழமயே நெனச்சுக்குவேன்."

இந்த இடத்தில் ராஜமாணிக்கம் வாயை மூடியிருக்க வேண்டும். நாமாக இருந்தால் மூடியிருப்போம். அவனுக்கோ தன் எதிரி செத்து விழுந்த குஷி. சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அடிப் பைத்தியமே, அது மாத்திர ஏர்றதுக்குடி. போட்டா ஒரு மணி நேரம் ஆவும். அது வரைக்கும் இன்னா பண்றது?"

ஈஸ்வரியின் கை முந்தானையிலேயே நின்றது.

"அப்ப அந்தக் கதயெல்லாம்? அம்ம போட்டது, தம்பி பாயில படுத்துக்கினது?"

"நேரம் போவணும்ல?"

"எனுக்காக வரீங்கன்னு நெனச்சேன்யா," என்றாள். இவனை அவள் 'யா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மகளுக்கு டிபன் செய்யப் போனாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, எச்சரிக்கைக் கடிதத்தோடு கிரேனைத் திரும்ப வாங்கினான். சனிக்கிழமை பரசுராமன் நீட்டிய பாதியை வேண்டாமென்றுவிட்டு வீட்டுக்கு வந்தான். ஈஸ்வரி பழைய புடவையில் இருந்தாள். முறம் இருந்தது, பலகை இல்லை. இவனே தரையில் உட்கார்ந்து மொச்சையை எடுத்தான்.

இன்றைக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. அவளோடு உட்காரத்தான் வந்திருக்கிறான். அதைச் சொல்ல வாயெடுத்தால் பொய் மாதிரியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சைக்கிளைத் தான் கிணற்றில் தள்ளிய கதையைச் சொன்னான். நல்ல கதைதான். அவள் தலையை நிமிர்த்தாமல் உரித்துக்கொண்டிருந்தாள். இதே இடத்தில், இதைவிடச் சுமாரான கதைகளைச் சொல்லி, அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்ததை அரைக் காதில் வாங்கிக்கொண்டு, எப்போது மணியாகும் என்று உட்கார்ந்திருந்தானே ஒருத்தன், அவனை நினைத்து ராஜமாணிக்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. மாத்திரை போட்டதற்காக இல்லை. அவனுக்கு அவள் சிரித்தாள்.

மூன்றரைக்கு ஈஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் முன்னாலிருந்த முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் ஆச்சு. எழுந்திருங்க."

"நான் ஒண்ணியும் போடல ஈஸ்வரி. சத்தியமா. இன்னும் பாதி மொச்ச கீதே, உரிச்சுட்டுப் போறேன்."

"அத்த அப்பால நான் பாத்துக்குறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். பாயை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் உரித்த மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.